அக்கா வளர்த்த அம்மா

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். முதல் கவளத்தை எடுப்பதற்கு முன் அக்காவை நிமிர்ந்து பார்ப்பார்.

"இன்னிக்கு அவ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாப்பா."

"நல்லா?"

"கொஞ்சமாத்தான்."

அப்பா தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவார். 'அவ' என்பது அம்மா. அம்மா இறந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் உங்கள் முதுகு லேசாகச் சில்லிட்டிருந்தால் எனக்குச் சந்தோஷம். அதற்காகத்தான் ஆரம்பித்தேன். கோதிக் கதை என்றால் எனக்கு உயிர். எல்லாம் மொழிபெயர்ப்பில் படித்தவை. பாழடைந்த மாளிகை, பூட்டிய மேலறை, அதற்குள் உலகத்தை மறந்து எதையோ கண்டுபிடித்தே தீருவேன் என்று கிடக்கும் ஒருவன், மனிதன் தொடக்கூடாத ஒன்றை அவன் தொட்டுவிடுவது, பிறகு அதற்கு விலை கொடுப்பது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் எழுத்துப் பலகையின் கடைசி வரியோடு மல்லுக்கட்டும் நேரத்தில் மேசைக்கு அடியில் இரண்டு பக்கம் படித்துவிடலாம். அப்படிப் படித்துப் படித்து, நானும் ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை வந்தது.

முதல் தொடக்கம்:

புயல் கோட்டையின் சாளரங்களை அறைந்துகொண்டிருந்த அந்த இரவில், வடக்குக் கோபுரத்தின் உச்சியில் ஒற்றை மெழுகுவர்த்தி

(இதற்கு மேல் போகவில்லை. எங்கள் வீட்டு மெழுகுவர்த்தி எந்த டிராயரில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்:

மேன்மை தங்கிய வாசகரே, நான் இப்போது உரைக்கவிருப்பதைத் தாங்கள் நம்பப்போவதில்லை, ஆயினும்

(வாழ்க்கையில் ஒரு தடவைகூட நான் 'ஆயினும்' என்று பேசியதில்லை. மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது, சளி ஒட்டிக்கொள்வதுபோல.)

மூன்றாம் தொடக்கம்:

என் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போவாள்.

இதில் புயல் இல்லை. ஆனால் உண்மை இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

என் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போவாள். மருத்துவமனைக்குப் பின்னால், மருந்துக் கிடங்குக்கு மேல், இரண்டாவது மாடியில் இருக்கிறது அவளுடைய ஆய்வகம். புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து எடுத்த செல்களை அங்கே பிளாஸ்டிக் குடுவைகளில் வளர்க்கிறார்கள். வளர்ந்தால், அவற்றின் மேல் மருந்துகளைப் போட்டுப் பார்க்கலாம். மனிதர் மேல் போட்டுப் பார்க்க முடியாததையெல்லாம் போட்டுப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு வந்தது அபூர்வமான வகை. அந்த வகைச் செல்களைக் குடுவையில் நிலையாக வளர்க்க யாராலும் முடியவில்லை என்று அக்கா சொன்னாள். ஒரு வாரம், இரண்டு வாரம் இருக்கும், பிறகு செத்துவிடும். அறுவைச் சிகிச்சைக்கு முந்திய நாள், எடுக்கப்போகும் கட்டியில் ஒரு துண்டை ஆய்வுக்குத் தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டதே அக்காதான்.

"வெட்டி எறியப்போறதைத்தானேடி கேக்கிற? எடுத்துக்கோ. நான் திருப்பியா கேக்கப்போறேன்?" என்றாள் அம்மா. கையெழுத்துப் போடும்போது, "இதையாவது நல்லா வளர்த்துடு. உன்னை வளர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றாள்.

குடுவைகளில் பெயர் எழுதக் கூடாது. எண் மட்டும்தான். அம்மா 'இருபத்தொன்று' ஆனாள். இருபத்தொன்று யார் என்று ஆய்வகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்: அக்காவுக்கும், எல்லாருமாகச் சேர்ந்து 'பெரிய தலை' என்று பெயர் வைத்திருக்கும் ஆய்வகத் தலைவருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என்னை அழைத்துக்கொண்டு போனாள். நான் கற்பனை செய்திருந்த மேலறை எங்கேயும் இல்லை. குழல்விளக்கு, சுழல் நாற்காலி, சுவரில் யாரோ விட்டுப்போன குடை. இன்குபேட்டர் என்ற அலமாரிக் கதவைத் திறந்தபோது இளஞ்சூடான காற்று முகத்தில் பட்டது. உடம்பின் சூடு, சரியாக அதே அளவு.

குடுவைக்குள் இருந்த திரவம் இளஞ்சிவப்பாக இருந்தது. அதுதான் செல்களுக்கு உணவு, மீடியம் என்பார்கள். அவை தின்று கழித்தால் திரவம் மஞ்சளாகும். அக்கா வீட்டில் சொல்லும் 'சாப்பிட்டா', 'கொஞ்சமாத்தான்' எல்லாம் இந்த நிறத்தைப் பார்த்துச் சொல்வது.

"மைக்ராஸ்கோப்புல கண்ணை ஒட்டி வை. இமைக்காதே."

"ஒண்ணும் தெரியலயே."

"கண்ணாடிக் கடையில வேலை பாக்கிற, கண்ணு தெரியலங்கிற. நீளமா, வால் வெச்ச மாதிரி தெரியுதா?"

தெரிந்தது. சிலதான், சாகாமலும் பெருகாமலும், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, மீன்குஞ்சுகள் போல.

"இதுதான் அம்மாவா?"

"அம்மாவோட செல்." அக்கா குடுவையின் மூடியை இறுக்கினாள். "அம்மாவைக் கொன்னதும் இதுதான்."

(இந்த வரிக்குப் பிறகு ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் 'திகில்' என்ற சொல் நான்கு முறை வந்திருந்தது.)

அப்பாவுக்கும் இது தெரியும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு கதவு வழியாக முதலில் பேச வேண்டும் என்பார். என்ன பேச வேண்டும் என்பது முக்கியமில்லை, குரல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அம்மா போன பிறகு ஒரு நாள் அக்கா விளையாட்டாக, "அம்மா இன்னிக்கும் சரியாச் சாப்பிடலப்பா" என்றாள். அப்பா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். மறுநாள் அவராகவே கேட்டார். அதற்கப்புறம் ஒரு நாளும் கேட்காமல் இருந்ததில்லை.

3

இப்போது கதாபாத்திரச் சிக்கல்.

முதல் வரைவில் அக்காவை ஓர் ஆணாக்கினேன். கோதிக் கதைகளில் அறிவு வெறி பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்களுக்கு மயங்கி விழும் வேலையும் படிக்கட்டில் மெழுகுவர்த்தியோடு இறங்கி வரும் வேலையும் இருக்கும். ஆகவே இப்படி எழுதினேன்:

வெளிறிய முகமும் குழிந்த கண்களும் கொண்ட அந்த விஞ்ஞானி, தன் படைப்பைக் கண்டு உரக்கச் சிரித்தான். சிரிப்பு கல் சுவர்களில் மோதி எதிரொலித்தது.

அக்கா துணி மடித்துக்கொண்டே இதைப் படித்தாள்.

"யாருடி இவன்?"

"நீதான்."

"நான் எப்போ ஆம்பளையானேன்?"

"கதைக்காக."

"மூஞ்சி ஏன் வெளிறியிருக்கு? ரத்தசோகையா?"

"தனியாவே இருக்கான்ல, அதான்."

"நானும் தனியாத்தான் இருக்கேன். எனக்குத் தொப்பை போட்டிருக்கு." அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்புறம், ஹூட்டு முன்னால உக்காந்துகிட்டு எவனும் சிரிக்க மாட்டான். எச்சில் தெறிக்கும். மூக்கு அரிச்சாக்கூட சொறிய முடியாது. கையை வெளியே எடுத்தா எல்லாத்தையும் முதல்லேர்ந்து சுத்தம் பண்ணணும். அதை எழுது. அதுதான் பயங்கரம்."

[ஹூட் என்பது முன்பக்கம் பாதி திறந்த கண்ணாடிப் பெட்டி. வடிகட்டிய காற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். குடுவைகளை அதற்குள் மட்டும்தான் திறப்பார்கள். வாசகர் கதையில் தடுக்கி விழக்கூடாது என்பதால் இந்தக் குறிப்பு.]

அவளைப் பெண்ணாகவே விட்டுவிட்டேன். தொப்பையையும் விட்டுவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கோதிக் நாயகனை எழுதுகிறவருக்கு அவன் எதற்காக இதைச் செய்கிறான் என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே கேட்டேன்.

"நீ இதை எதுக்குப் பண்ற? அம்மாவுக்காகவா, பேருக்காகவா?"

அவள் ஒரு சட்டையை மடித்து, பிடிக்காமல், உதறி மறுபடி மடித்தாள். "உலகத்துல முதல் ஆளா இதை வளர்க்கணும்னு ஆசை இருக்கு. இல்லன்னு சொன்னா பொய். அம்மாவோடதுங்கிறதும் இருக்கு. ரெண்டும் ஒரே குடுவையிலதான்டி வளருது. பிரிச்சுக் காட்டுன்னா எனக்குத் தெரியாது."

இருபத்தொன்றை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை. காய்ச்சலிலும் போனாள். சித்தி மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. சித்தி பந்தலில் எல்லார் காதிலும் விழும்படி என்னிடம் கேட்டாள்: "ஏன், உங்கக்காவுக்கு வீட்டுல கைக்குழந்தை பசியில அழுவுதா?" நான் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து, கைபேசியில், மேலே நீங்கள் படித்த இரண்டாம் தொடக்கத்தை எழுதினேன். அந்தக் கல்யாணத்தில் நான் யாரோடும் பேசியதாக நினைவில்லை. தனிமைக்கு மேலறை அவசியம் என்று யார் சொன்னது?

4

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு ஃபோன் வந்தது. என் எதிரே ஒரு பெரியவர் கண்ணாடிச் சட்டத்தைக் காதில் மாட்டிக்கொண்டு, நன்றாயிருக்கிறதா என்று கேட்டபடி நின்றிருந்தார்.

"மஞ்சளாயிடுச்சுடி!"

"என்ன?"

"நேத்து மாத்தின மீடியம். இன்னிக்கு மஞ்சள். குடுவை முழுக்க அம்மா இருக்காடி!"

"நல்லாயிருக்கு," என்றேன். பெரியவர் தன்னைச் சொன்னதாக நினைத்து அந்தச் சட்டத்தையே வாங்கிக்கொண்டு போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்பதற்கு முன்பே அக்கா சொன்னாள்: "தட்டை வழிச்சுச் சாப்பிட்டாப்பா."

அப்பா எழுந்தார். கை கழுவினார். சாப்பிடுவதற்கு முன்பே கழுவியிருந்த கைதான். திரும்ப வந்து உட்கார்ந்து, "நாளைக்குக் கொஞ்சம் கூடவே வை" என்றார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு குடுவை இரண்டாகி, இரண்டு நான்காகி, இன்குபேட்டரின் ஒரு தட்டு முழுக்க இருபத்தொன்று. பெரிய தலை அக்காவின் மேசை வரைக்கும் நடந்து வந்து கட்டுரை எழுதச் சொன்னார். அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு குளித்தாள். நான் இந்தக் கதைக்கு ஒரு நடுப்பகுதி கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தேன். 'சாவை வென்றவள்' என்று ஒரு வாக்கியம் தொடங்கி

(வேண்டாம்.)

அடுத்த முறை நான் ஆய்வகத்துக்குப் போனபோது மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

"மீன்குஞ்செல்லாம் எங்க?"

"ம்?"

"வாலைக் காணோமே. உருண்டை உருண்டையா, ஆத்துல கிடக்கிற கூழாங்கல் மாதிரி இருக்கு."

"நல்லா வளர்ந்தா வடிவம் மாறும்," என்றாள் அக்கா. கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னாள். எனக்கோ கூழாங்கல் என்ற உவமை பிடித்துவிட்டது. அதை மனசுக்குள் பத்திரப்படுத்துவதிலேயே இருந்தேன்.

அவள் எதிரே ஒரு பெண் வேலை பார்க்கிறாள். நாங்கள் எதிர்மேசை என்போம். எதிர்மேசையிடம் இருந்த செல்கள் வேறு வகை, பெரும் முரட்டு வகை, எல்லா ஆய்வகங்களிலும் இருப்பவை. "என்னோடது களைடி. கண்ணை மூடித் திறந்தா ரெட்டிப்பாயிடும்" என்பாள். அன்று அவள் போகிற போக்கில் அக்காவின் மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்தாள்.

"அட, இது என்னோடது மாதிரியே இருக்கே!" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

5

சாயங்காலம் வீட்டில் அக்கா ஒரு பஞ்சுக்குச்சியோடு என் எதிரே வந்து நின்றாள்.

"வாயைத் திற."

"இப்பதான் டீ குடிச்சேன்."

"கொப்பளிச்சுட்டு வா."

செல்கள் யாருடையவை என்று கண்டுபிடிக்க டி.என்.ஏ. சோதனை இருக்கிறது. அது நடக்காமல் கட்டுரை வெளிவராது. எப்படியும் ஒரு நாள் செய்தாக வேண்டியதுதான். அக்கா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். மகளின் டி.என்.ஏ.வில் பாதி தாயுடையது. குடுவையில் இருப்பது அம்மா என்றால், என்னோடு எல்லா இடத்திலும் ஒரு பாதி பொருந்த வேண்டும்.

"உன்னோடதையே குடுக்கலாமே?"

"நான் தினம் அது மேல மூச்சு விடுறவ. என் செல்லே விழுந்திருக்கும்னு ஒரு சந்தேகம் வரும். நீ சுத்தமானவ." பஞ்சுக்குச்சி என் கன்னத்தின் உட்புறத்தில் உரசியது. "அந்த விஷயத்துல மட்டும்."

குச்சியைக் குழாய்க்குள் போட்டு மூடிய பிறகு அவள் உட்கார்ந்தாள். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு நாள் எதிர்மேசைக்குக் காய்ச்சல். அவ செல்லெல்லாம் வாடுது, கொஞ்சம் சாப்பாடு மாத்திடுன்னு ஃபோன் பண்ணினா. அவ ஹூட் வேற ரிப்பேர். என் ஹூட்லயே பண்ணினேன். முதல்ல நம்மளோடதை முடிச்சுட்டு, கடைசியாத்தான் அந்த முரட்டு வகையைத் தொடணும். அதுக்குப் புது மீடியம் பாட்டில் எடுக்கணும். அவளோடது ரொம்ப வாடியிருந்துச்சேன்னு முதல்ல அதைப் பண்ணினேன். பாட்டிலை மாத்தினேனா, நினைவில்லை."

"மாத்தலன்னா?"

"ஒரு சொட்டு போதும். அது களை. அம்மா... உனக்குத்தான் தெரியுமே, அம்மா சண்டை போடமாட்டா."

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நான் படித்த கோதிக் கதைகள் எல்லாம் ஒரே பாடத்தைச் சொல்லின: தனியாகக் கிடந்து அறிவைத் துரத்தாதே, உறவுகளை விட்டு விலகாதே, அழிவாய். அந்தப் பாடத்துக்காகவே அக்கா சித்தி மகள் கல்யாணத்துக்கு வராதது, காய்ச்சலிலும் போனது எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். ஆனால் தவறு நடந்தது அவள் தனியாக இருந்த நாள்களில் இல்லை. இன்னொருத்திக்கு உதவிய ஒரே நாளில் நடந்தது. அந்தக் கதைகளின் கணக்கில் அன்று அவள் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும்.

அதே சமயம், அந்தத் தவறு இத்தனை மாதம் ஒளிந்திருக்க முடிந்ததற்குக் காரணம் தனிமைதான். வேறு ஒரு கண் வாரம் ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் வால் எங்கே என்று கேட்டிருக்கும். நான் கேட்டேன், பதிலைக் கேட்காமல் உவமையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே பாடம் சரியா தவறா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் பாடத்துக்காகப் படிக்கிறவர் என்றால், மன்னிக்கவும், இந்த இடம் கலங்கலாகத்தான் இருக்கிறது.

6

சோதனை முடிவு வரும் வரை எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

கோதிக் முடிவு: அக்கா ஆய்வகத்துக்குத் தீ வைக்கிறாள். சுடர்களுக்கு நடுவே குடுவைகள் வெடிக்கின்றன. (கீழே மருந்துக் கிடங்கு. நாலு தெரு எரிந்துவிடும். இதை எழுதும் உரிமை எனக்கு இல்லை.)

இனிய முடிவு: எல்லா இடத்திலும் பாதி பொருந்துகிறது. அப்பா அக்காவின் தலையில் கை வைக்கிறார். (எழுதி முடித்துவிட்டு அழுதேன். அழுதது எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. ஆகவே அடித்துவிட்டேன்.)

நடந்தது: ஒரு திங்கட்கிழமை முடிவு வந்தது. எனக்கும் குடுவைக்கும் உறவே இல்லை. எதிர்மேசையின் முரட்டு வகைதான் அது, ஒரு புள்ளி பிசகாமல். குடுவையில் அம்மா இல்லை. எத்தனையோ மாதமாக இல்லை.

அக்கா தானே எழுந்து பெரிய தலையின் அறைக்குப் போய்ச் சொன்னாள். கட்டுரை போயிற்று. குடுவைகளில் பிளீச் ஊற்றினாள். எதிர்மேசை அழுதாளாம். "நீ எதுக்கு அழற, உன்னோடதுதான் ரெண்டு மடங்கா இருக்கே" என்று அக்கா சொன்னாளாம். அவள் எனக்கு இதைச் சொன்னபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே தட்டை வெகுநேரம் கழுவினாள்.

சாப்பிடும் வேளை வந்தது. அப்பா தட்டை இழுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு அவ சாப்பிட்டாளா?"

இப்போதுகூட அக்கா 'சாப்பிட்டாப்பா' என்று சொல்லியிருக்கலாம். நான் அவளாக இருந்தால் சொல்லியிருப்பேன். என் வரைவு ஒன்றில் அவளைச் சொல்லவும் வைத்தேன். ஆனால் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில், ஒரு சொட்டு, சோதனை, எல்லாவற்றையும். குரல் உயராமல், ஆய்வகத்தில் விளக்குவதுபோலச் சொன்னாள்.

அப்பா முடிவு வரை கேட்டார்.

"அப்போ இத்தனை நாளா நீ சோறு போட்டது யாருக்கு?"

"அது யாரோ ஒருத்தரோடதுப்பா. எங்கேயோ, எப்பவோ இருந்த யாரோ."

"இதை ஏன் என்கிட்ட சொன்ன?"

"உண்மைப்பா. தெரியணும்ல?"

"நான் கேட்டேனா?" அப்பா தட்டைத் தள்ளினார். "தினம் கேட்டேன், சாப்பிட்டாளான்னு. யாருன்னு கேட்டேனா? ஒரு நாளாவது கேட்டேனா?"

அவர் எழுந்து போனார். அக்கா அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவைத் தேடிப் போனவர்கள் விலை கொடுத்ததை நான் நிறையப் படித்திருக்கிறேன். தேடாதவர் தலையில் அறிவு வந்து விழுவதை எந்தப் புத்தகமும் எனக்குக் காட்டவில்லை.

7

இன்னும் ஒரு குழாய் இருக்கிறது.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அம்மாவின் செல்களை எடுத்த முதல் வாரங்களில், எதிர்மேசைக்குக் காய்ச்சல் வருவதற்கு வெகு முன்பு, அக்கா கொஞ்சத்தை உறைய வைத்திருந்தாள். திரவ நைட்ரஜன் தொட்டியில், சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குழாயில், ஒன்றே ஒன்று. அதற்கு மேல் உறைய வைக்க அப்போது செல்கள் மிஞ்சவில்லை.

"அதுல அம்மாதான்," என்றாள் அக்கா. "அது மட்டும் நிச்சயம்."

"உயிரோடயா?"

"எடுத்து உருக்கினாத்தான் தெரியும். பத்துல ஒரு வாய்ப்புன்னு எதிர்மேசை சொல்றா. அவ நல்ல மனசுக்காரி, கூட்டித்தான் சொல்லியிருப்பா. பிழைக்கலன்னா முடிஞ்சுது. திருப்பி உறைய வைக்கிற அளவுக்கு இருக்காது."

"எடுக்காம விட்டா?"

"அப்படியே இருக்கும். நாம போன பிறகும் இருக்கும்."

அவளுக்கு எடுக்க ஆசை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து, மீன்குஞ்சுகளிலிருந்து தொடங்க ஆசை. அவை இருக்கின்றனவா என்று பார்க்க ஆசை. ஆனால் இந்த முறை அவள் தானாக முடிவு செய்யவில்லை. அப்பாவிடம் போய் நின்றாள்.

"தொடாதே," என்றார் அப்பா. "அவ அங்கேயே நிம்மதியா இருக்கட்டும்."

"சரிப்பா."

அதற்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் கேள்வி இல்லை. அப்பா தட்டை இழுப்பார், அக்காவை நிமிர்ந்து பார்ப்பார், வாய் திறப்பார், மூடுவார். அந்தத் திறந்து மூடிய வாயை எழுதப் பல முறை முயன்றேன். 'கரையில் போட்ட மீன்' என்று எழுதினேன். அசிங்கமாக இருந்தது. வெறும் வாய், திறந்தது, மூடியது. அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா பாதிச் சாப்பாட்டில் பேசினார்.

"தெரியாம கேட்டுட்டிருந்தது நல்லா இருந்துச்சு. இப்போ தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுகிட்டு கேக்காம இருக்க முடியல, பொய்யாக் கேக்கவும் முடியல." தண்ணீர் குடித்தார். "எடு. என்னன்னு பாத்துடு. நானும் வர்றேன்."

"செத்திருந்தா?"

"செத்திருக்கான்னு தெரியும்ல."

(அப்பா மனம் மாறியதற்கு இதைவிட அழகான காரணங்கள் மூன்று யோசித்தேன். ஒன்றில் மழைகூட வந்தது. ஆனால் அவர் சொன்னது இதுதான்.)

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய தலை அனுமதி தந்திருந்தார். அப்பாவுக்கு ஒரு வெள்ளை மேலங்கி கிடைத்தது. கை முழங்கை வரைதான் எட்டியது. எதிர்மேசையும் வந்திருந்தாள். அவளை அக்காவே கூப்பிட்டிருந்தாள். "என் பக்கத்துலயே நில்லு. நான் எதையாவது வரிசை மாத்திப் பண்ணினா கத்து."

"கத்தினா எச்சில் தெறிக்குமே."

"தள்ளி நின்னு கத்து."

தொட்டியின் மூடியைத் திறந்ததும் வெண்புகை தரைவரை வழிந்தது. என் கதை முழுவதும் நான் தேடிய கோதிக் புகை! கிடைத்தபோது அதை வர்ணிக்க மனம் வரவில்லை. அக்கா நீளமான இடுக்கியால் குழாயை எடுத்து, உடல் சூட்டில் இருந்த தண்ணீரில் பாதி அமிழ்த்தி, மெல்ல ஆட்டத் தொடங்கினாள். குழாயின் உள்ளே வெள்ளையாக இருந்தது ஓரங்களில் தெளியத் தொடங்கியது.

"முழுசாக் கரைய விடக்கூடாது," என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அரிசி மணி அளவுக்குப் பனி இருக்கும்போதே எடுத்துடணும்."

அப்பா இரண்டடி முன்னால் வந்துவிட்டார். யாரும் அவரைப் பின்னால் போகச் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தை அக்காவுக்குக் காட்டியபோது, கதையை இங்கேயே நிறுத்தப்போகிறேன் என்றேன். அடுத்த வாக்கியத்தை நான் எழுதாவிட்டால் பனி கரையாது. அம்மா இறந்திருக்கவும் மாட்டாள், பிழைத்திருக்கவும் மாட்டாள். எப்போதும் அரிசி மணி அளவில் இருப்பாள். எனக்கு அது மிக நல்ல முடிவாகத் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்படி நிறுத்த முடியாதுடி," என்றாள் அக்கா. "உறைய வைக்கக் கலக்கிற மருந்து இருக்கே, குளிர்ல அது காவல். வெளியே வந்தா அதுவே விஷம். எடுத்தாச்சுன்னா உடனே புதுத் திரவத்துக்கு மாத்தணும். கையில வெச்சுகிட்டு நின்னா, நிக்கிறதாலேயே செத்துடும்."

"அப்போ அடுத்த வாக்கியம் என்ன? நடந்ததை எழுதிடட்டுமா?"

அவள் கடைசி வரியை மறுபடி படித்தாள். "எழுதினா அது நம்மளோடது மட்டும் ஆயிடும். படிக்கிறவங்களுக்கும் வீட்டுல யாராவது இருப்பாங்கல்ல?"

ஆகவே எனக்கு என்ன நடந்தது என்று தெரியும், அதை நான் எழுதவில்லை. எழுதாமல் நிறுத்தவும் வழியில்லை என்று உங்களுக்கும் இப்போது தெரியும். அக்கா குழாயைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டாள். உள்ளே ஓர் அரிசி மணி, ஓரம் தேய்ந்த அரிசி மணி, மிதக்கிறது. புதுக் குடுவை திறந்திருக்கிறது. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவரால் ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. நான் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். அடுத்த வாக்கியத்தைச் சீக்கிரம் எழுதுங்கள்.